ஒரே பக்கம் ஓடுற டயர்

குண்டுமேட்டுக்காரங்க யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வாங்க. கூட்டிக் கொறைச்சுச் செஞ்சு பழக்கமில்ல. அந்த ஊருக்கு இருந்த ஒரே சீக்கு அதுதான்.

அங்க வையாபுரின்னு ஒருத்தன். கரட்டுமலைக் கோயில் நோம்பிக்கு வருசாவருசம் நடக்கற சைக்கிள் பந்தயத்துல மூணு தடவ ஓட்டினான். மூணு தடவையும் வேலா முள்ளு குத்தி, சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு வந்து சேர்ந்தான். மூணு தடவையும் ஜெயிச்சது பக்கத்து ஊர் காளியப்பன். வையாபுரி பொண்டாட்டி பாவாயியோட கூடப்பொறந்த அண்ணன். ஜெயிச்ச கையோட தங்கச்சி வீட்டுக்கு வந்து கோழிக்கொழம்ப ஒரு கை பாத்துட்டு, "மாப்ள, சைக்கிள் ரொம்பக் கனமா இருந்துச்சுங்களா?"ன்னு அக்கறையா விசாரிப்பான்.

வையாபுரிக்குத் தாங்கல. "வர்ற பந்தயத்துல நான் மொதல்ல வரலீன்னா பாதி மீசைய எடுத்துக்கறேன் மச்சான்"னு சொல்லிப்புட்டான். சொன்னப்புறந்தான் மீசையத் தொட்டுப் பாத்தான். நல்ல மீசை.

கூட்டாளிங்க சடையனும் குழந்தைவேலும் அவன டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கடைக்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "டியூப்லெஸ் டயர் போடுங்க. உள்ள டியூப்பே இருக்காது. பசை மாதிரி ஒரு மருந்து ஊத்துவேன். முள்ளு குத்தினா ஒரு நிமிசத்துல அதுவே அடைச்சுக்கும். சக்கரத்த அளவெடுத்துட்டு வாங்க"ன்னாரு.

ஊருக்கு வந்து முன்சக்கரத்துக்கு ஒரு கயிறு, பின்சக்கரத்துக்கு ஒரு கயிறுன்னு அளவெடுத்தாங்க. ரெண்டையும் குழந்தைவேலு ஒரே பையில போட்டுக்கிட்டான். திரும்ப டவுனுக்கு வந்து வெளிய எடுத்தா, எது முன்னது எது பின்னதுன்னு தெரியல.

சேத்துப் புடிச்சுப் பாத்தான் சடையன். "ரெண்டும் ஒரே நீளமா இருக்குதே."

"அதான் சிக்கலே. வேற வேற நீளமா இருந்திருந்தா கண்டுபுடிச்சிருக்கலாம்"னான் குழந்தைவேலு.

மூணு பேரும் அடுத்த பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினாங்க. மூணாவது தடவ சைக்கிளையே பஸ் மேல ஏத்திட்டு வந்துட்டாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு கயிறும் கைல இருந்துச்சு.

கடைக்காரர் ரெண்டு டயர எடுத்துப் போட்டாரு. "முன்னாடிக்கு இந்த முரட்டுப் பட்டன் டயர், மண்ண நல்லாக் கவ்வும். பின்னாடிக்கு இது, வேகமா உருளும்."

குழந்தைவேலு மொகம் மாறிப்போச்சு. "பின்சக்கரம் வேகமாப் போனா முன்சக்கரத்த இடிச்சிராதா?"

"எப்படி இடிக்கும்? நடுவுல நம்ம வையாபுரி உக்காந்திருக்கான்ல"ன்னான் சடையன்.

வையாபுரிக்கு இந்தப் பொறுப்பு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நெஞ்ச நிமுத்திக்கிட்டான்.

டயர மாட்டி முடிச்சுக் கடைக்காரர் ஒண்ணு சொன்னாரு. "ஓரத்துல அம்புக்குறி இருக்குது பாருங்க. டயர் அந்தப் பக்கமாத்தான் ஓடோணும். மாத்தி ஓட்டீராதீங்க." மூணு பேரும் மனசுல எழுதிக்கிட்டாங்க. அம்பு அப்ப கெழக்க பாத்துட்டு இருந்துச்சு.

பந்தயத்தன்னிக்குக் காலைல சடையனுக்கு ஒரு யோசன. "முள்ளு குத்தினா அடைய ஒரு நிமிசம் ஆகும்னாரு. பந்தயத்துக்கு நடுவுல ஒரு நிமிசம் வீணாகலாமா? அத இப்பவே முடிச்சு வெச்சுக்கலாம்." உக்காந்து ரெண்டு டயர்லயும் முள்ளு முள்ளாக் குத்தினாங்க. மருந்தும் பாவம், சளைக்காம ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுது. மொத்தம் நாப்பது நிமிசம் மிச்சம்னு வையாபுரி நிம்மதியாக் கெளம்பினான்.

கோயில்ல ஆரம்பிச்சு, மலை உச்சியில இருக்கற கொடிக்கம்பத்தச் சுத்தி, கோயிலுக்கே திரும்பி வரோணும். நம்புனா நம்புங்க, உச்சிக்கு மொதல்ல போனது வையாபுரிதான். தண்ணியோட கூட்டாளிங்க அங்க நின்னாங்க. கம்பத்துக்கிட்ட ஹேண்டில்பார வளைச்சவன் பொசுக்குனு நிறுத்திட்டான்.

"சடையா, அம்பு எங்க பாக்குது?"

"கெழக்க."

"கோயில்?"

"மேக்க."

குழந்தைவேலு சைக்கிளத் தூக்கித் திருப்பி வெச்சான். "இப்ப மேக்க பாக்குதே."

"நாம திருப்பினதால பாக்குது. இன்னொருக்காத் திருப்பினா கெழக்க பாக்கும். இப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசற அம்ப நம்பி மலையெறங்கச் சொல்றயா? கடைல நின்னப்ப சத்தியமாக் கெழக்கதான் பாத்துச்சு"ன்னான் சடையன்.

இந்த நேரம் பாத்துக் காளியப்பன் மூச்சிரைக்க வந்தான். கம்பத்தச் சுத்தினான். "மாப்ள, நல்லாத் தண்ணி குடிச்சுட்டே வாங்க"ன்னு எறங்கிப் போயிட்டான்.

வையாபுரி மீசையப் பொத்திக்கிட்டான். "அப்ப என்னதான்டா வழி?"

"கெழக்கயே போ. மலையச் சுத்தினா கோயில் வந்துதான ஆகோணும்"னான் சடையன்.

போனான். அந்தப் பக்கம் எறங்கி ஏழு ஊரத் தாண்டினான். பாதை கொஞ்சங்கொஞ்சமா வளைஞ்சுது. அதனால திரும்பினது அம்புக்கே தெரியல.

மூணாம் நாள் காலைல கோயிலுக்கு வந்து சேர்ந்தா, பந்தலப் பிரிச்சுட்டு இருக்காங்க. காளியப்பன் சவரக்காரரோட தயாரா நின்னான். "வாங்க மாப்ள. எடது பக்கமா, வலது பக்கமா?"

சடையன் குறுக்க வந்தான். "இருங்க. பந்தயம் முந்தாநேத்தே முடிஞ்சுதா இல்லியா?"

"முடிஞ்சுது."

"அதுக்கப்புறம் இந்த எல்லைக்கோட்டுக்கு மொதல்ல வந்தது யாரு?"

"மாப்ளதான்."

"அப்ப இனி வர்ற பந்தயத்துல மொதல்ல வந்தது யாரு?"

சவரக்காரர் கத்தியப் பொட்டிக்குள்ள வெச்சுட்டாரு.

ஆனா நகந்தா வேற எவனாச்சும் முன்னாடி வந்துருவானே. வையாபுரி சைக்கிள விட்டு எறங்கல. சாப்பாடு கொண்டாந்த பாவாயி கேட்டா, "ஏனுங்க, அடுத்த நோம்பிக்கு இன்னும் பதினொரு மாசத்துக்கு மேல இருக்குதே?"

"அதுவரைக்கும் கொழம்ப இங்கயே கொண்டா."

காளியப்பன் வகுறு வலிக்கச் சிரிச்சுக்கிட்டே ஊருக்குப் போனான். மறுநாள் விடிஞ்சதும் சைக்கிளத் தொடைச்சு எடுத்துட்டு வந்து, வையாபுரிக்குப் பின்னாடி ஒட்டி நிறுத்தினான்.

"என்ன மச்சான் இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல மாப்ள. ரெண்டாவதா வர்ற எடமாச்சும் போயிரக்கூடாது பாருங்க. கொஞ்சம் முன்னாடி தள்ளி நில்லுங்க, வெயிலடிக்குது."