கிளையில் உட்காராத பறவை

மறுபடியும் பறவை கிளையிலிருந்து விழுந்தது.

"கிளையில உட்கார வைக்க முடியலன்னா, இன்னிக்கே வேலையை விட்டுக் கிளம்பு," என்றார் அருங்காட்சியக இயக்குநர் வைத்தியலிங்கம். என்றோ அழிந்துபோன அந்தப் பறவைக்கு 'மரங்களின் அரசன்' என்று அவரே பெயர் சூட்டி, அழைப்பிதழும் அடித்தாயிற்று. நாளை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

மாதிரி உருவங்கள் செய்யும் ரெஜினா கிளையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"உட்கார வைக்கிறேன் சார். அரசர் இதை எப்படிப் பிடிச்சிருப்பார்னு ஒருதரம் காட்டுங்க. கட்டைவிரல் மட்டும் படக்கூடாது."

"இதென்ன பெரிய வித்தை?"

இயக்குநர் அந்தத் தடித்த கிளையை நான்கு விரல்களால் மட்டும் நிமிர்த்திப் பிடித்தார். அது சாய்ந்து, கையை விட்டு நழுவி, அவர் செருப்பின்மேல் விழுந்தது.

ரெஜினா அந்தப் பறவையின் புதைபடிவக் கால் எலும்பை எடுத்துக் காட்டினாள். "இதுல விரல் சேருற மூணு முனையும் முன்பக்கம்தான். பிடிச்சுக்கப் பின்விரலே இல்ல. அரசர் தரையில ஓடினவர் சார்."

அவர் எலும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நல்லவேளைம்மா, அவங்க முன்னாடி விழல. என் மானத்தைக் காப்பாத்திட்ட."

"நன்றியை அரசருக்குச் சொல்லுங்க. விழுந்து விழுந்து சொன்னது அவர்தான்."

ரெஜினா பறவையை மணல்மேல் ஓடுகிற மாதிரி நிறுத்தினாள். இயக்குநர் குனிந்து, அதன் காலுக்கு முன்னால் கிடந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.