பழசுக்குப் பத்து

ஒரு கட்டடம் எழும்புகிற நாளிலிருந்து இடிகிற நாள்வரை காற்றில் எவ்வளவு கார்பனைக் கக்கும் என்று கணக்கிடுவது நஸீமாவின் தொழில். பாளையங்கோட்டையில் சனிக்கிழமைதோறும் அதற்கு வகுப்பும் எடுத்தார். வகுப்பிலேயே மூத்த மாணவர் வேதநாயகம். பாலம் கட்டிக் கட்டியே தலை நரைத்த என்ஜினீயர். தன்னைவிட இளையவரிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சமே கிடையாது. சந்தேகம் கேட்க முதலில் எழும் கை அவருடையதுதான்.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழையதையே பழுது பார்ப்பதா என்று மறுநாள் கூட்டம். எது காற்றைக் குறைவாகக் கெடுக்கும் என்று அவர் சொல்லும் கணக்கை நம்பித்தான் அத்தனை வீட்டுக்காரர்களும் காத்திருந்தார்கள்.

"புதுசுதான் ஜெயிக்குது மேடம்." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "சூடு உள்ள வராது, கரண்ட் குறைச்சல். சிமெண்டு, கம்பியில வர்ற கார்பன் அதிகம்தான். ஆனா அறுபது வருஷத்துக்குப் பிரிச்சுப் போட்டா ஒண்ணும் தெரியல."

நஸீமா திரையில் ஒரு கட்டத்தின்மேல் விரல் வைத்தார்.

"பழசுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் போட்டிருக்கீங்க?"

"பத்து."

"தூணையெல்லாம் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

வேதநாயகத்துக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் தொல்லை.

"கல்லு மாதிரி இருக்கு. மொட்டைமாடி ஒழுகுது, சன்ஷேடு உதிருது. மத்தபடி நல்ல கட்டடம்."

"அப்ப ஏன் பத்து?"

"பழசுதானே மேடம்."

நஸீமா பத்தை அழித்துவிட்டு நாற்பது என்று தட்டினார். பழசைச் சீக்கிரம் இடிக்கவே வேண்டாம் என்றானதும், ஜெயித்துக்கொண்டிருந்த புதுக் கட்டடம் தோற்றுப்போனது. படுதோல்வி. பாலத்துக்கு அரை அங்குலம்கூடக் குறைத்து எழுதாத மனிதருக்கு முகம் சுண்டிப்போனது.

"புதுசு எதுக்கு சார் ஜெயிக்கணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சுகிர்தாவுக்கு இடுப்புல ஆபரேஷன் பண்ணுனோம்லா? வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவ கோயிலுக்குப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஜன்னல்ல நின்னு காய்கறி வண்டிக்காரர்கிட்ட பேசுதா, அவ்வளவுதான். புதுசுல லிஃப்ட் வருது மேடம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி சுகிர்தாமேல் அவருக்கு அப்படியொரு பிரியம். வீட்டில்கூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நஸீமா கடிந்துகொள்ளவில்லை.

"லிஃப்டுக்கு மட்டும் ஒரு கணக்குப் போடுங்க."

"எந்த லிஃப்டுக்கு?"

"பழைய கட்டடத்துக்கு வெளிப்பக்கமா, மாடிப்படியை ஒட்டி ஒண்ணு. அஸ்திவாரம், இரும்புச் சட்டம், கரண்ட், எல்லாம் சேத்து."

அவர் போட்டார். கூட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினார். இடித்துக் கட்டுவதில் வரும் கார்பனுக்கு முன்னால் அது ஒரு மூலைக்குக் காணாது.

"இதை மாட்டி முடிக்க எவ்வளவு நாளாகும்?"

"நாலஞ்சு மாசம் போதும்," என்றார் வேதநாயகம். பிறகு இழுத்தார். "ஆனா இது ஒட்டுப்போட்ட மாதிரிலா இருக்கும் மேடம்? எல்லாரும் புதுசு கேக்குதாங்க. எனக்கும் ஆசைதான்."

"புதுசு எப்ப முடியும்?"

"எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அனுமதி வாங்கி, இடிச்சுக் கட்டணும். ஆறு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அவ பொறுத்துக்கிடுவா."

நஸீமா லேப்டாப்பை மெதுவாக அவர் பக்கம் திருப்பினார்.

"அக்காவோட அந்த ஆறு வருஷத்தை எந்தக் கட்டத்துல போட்டிருக்கீங்க, சார்?"