காசியில் விட்ட முட்டைக்கோஸ்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆசிரமம். குருவின் பெயர் வடிவம்மை. சீடர் இசக்கிமுத்து குருவைவிட வயதில் மூத்தவர். திருநெல்வேலியில் கல்யாணச் சமையலில் கொடிகட்டிப் பறந்தவர். இப்போது ஆசிரமத்து அடுப்பு அவர் ஆட்சியில்.

பேத்தி குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடியபோது, அவள் பிழைத்தால் காசிக்குப் போய்ப் பிடித்த காயை விட்டுவிடுவதாக வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டாள். கங்கையில் முங்கி முட்டைக்கோசை விட்டார். அதனாலென்ன, காலிஃபிளவர் இருக்கிறதே என்று அன்றிலிருந்து அதை ஒரு கை பார்த்து வந்தார் மனிதர்.

நாற்று கொடுக்க வந்த தோட்டக்கலை அதிகாரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் ஒரே இனம்தாங்க. ஆதியில ஒரு காட்டுச் செடி. மனுஷன் விதையைப் பொறுக்கிப் பொறுக்கி இப்படி ஆக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

மறுநாள் பேத்தி வருகிறாள். இசக்கிமுத்து கரண்டியைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார்.

விதைக்கு விட்ட செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார் வடிவம்மை. சுற்றிலும் மஞ்சள் பூ.

"அம்மா, மோசம் போயிட்டேன்! விட்டதையே தின்னுட்டு இருந்துருக்கேன். பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு."

வடிவம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதுல முட்டைக்கோஸ் பூ எது, சொல்லுங்க அண்ணாச்சி."

பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "தெரியலையேம்மா."

"தேனீக்கும் தெரியல."

"அப்போ மூணையும் விட்டுருதேன்."

"கடுகும் இதுக்குச் சொந்தம்தான். தாளிக்கிறதையும் விட்டுடுவீங்களா?"

சமையல்காரர் ஆடிப்போனார். "கடுகு இல்லாம சாம்பாரா?"

"முள்ளங்கி ஒண்ணுவிட்ட சொந்தம்."

"போதும்மா! இதுல கோடுதான் எங்க இருக்கு?"

வடிவம்மை பழைய கொசுவலை ஒன்றை விரித்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். இருவருமாகக் காலிஃபிளவர், நூல்கோல் பூக்களின்மேல் அதைப் போர்த்தினார்கள். காற்றில் வலை படபடத்தது. இசக்கிமுத்து தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது எதுக்கு?"

"முட்டைக்கோஸ் விதை எடுக்கணும். இந்தப் பூவுல உட்கார்ந்த தேனீ அங்க போச்சுன்னா, அடுத்து முளைக்கிறது அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

"விதை எடுக்கும்போதெல்லாம் மூடணுமா?"

"ஒரு தடவை அசந்தாலும் போச்சு."

இசக்கிமுத்து கையிலிருந்த வலையைப் பார்த்தார். வலைக்கு இந்தப் பக்கம் இருந்த பூவையும் அந்தப் பக்கம் இருந்த பூவையும் பார்த்தார். கோடு அவர் கையில்தான் இருந்தது. மெல்ல முகம் தெளிந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

"அம்மா, நாளைக்குப் பிள்ளைக்குக் காலிஃபிளவர் பஜ்ஜி போடட்டுமா? அவளோட உட்கார்ந்து நானும் ரெண்டு திங்கட்டுமா?" என்று குதூகலத்தில் இரண்டு கையையும் தட்டினார்.

வலை பறந்தது. தேனீக்கள் உள்ளே பாய்ந்தன.

"தாராளமா தின்னுங்க அண்ணாச்சி. காசியில விட்டது விட்டதாவே இருக்கட்டும்" என்றார் வடிவம்மை, வலைக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டு. "இதை விட்டுடாதீங்க, பிடிங்க!"