நடக்க மறந்த நாட்டாமைக் கரடி

இலுப்பைக் காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் கருமலை என்ற கரடி தன் மனைவி தும்பியோடு வாழ்ந்து வந்தார். அந்தக் காட்டுக்கு நாட்டாமை கருமலைதான். காலையில் கரையோரப் பாறையில் வந்து உட்கார்ந்தால், பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். யார் தண்ணீரைக் கலக்கியது, யார் வளையில் யார் குடியேறியது என்று நாள் முழுக்க வழக்குதான்.

நாட்டாமை ஆவதற்கு முன்பு அவர் இப்படி இல்லை. குளத்துக்கு வடக்கே இருந்த தேன்பாறை மலையை ஒரே மூச்சில் ஏறிவிடுவார். மலை உச்சியில் அவருக்குச் சொந்தமான குகை ஒன்று இருந்தது. அதற்குள் வற்றாத ஊற்றும், கைக்கெட்டும் உயரத்தில் தேனடைகளும் உண்டு. கோடையில் குளம் வற்றினால் கணவனும் மனைவியும் அங்கே போய்விடுவார்கள். ஆனால் கடந்த இரண்டு கோடையிலும் நல்ல மழை பெய்தது. குளம் வற்றவில்லை. நாட்டாமையும் மலைப் பக்கம் போகவில்லை.

அவருக்குக் குணசீலன் என்ற நரி உதவியாளனாக இருந்தான். வழக்குக்காரர்களை வரிசையில் நிறுத்துவது, புற்றிலிருந்து கறையான் கொண்டுவருவது, இலையில் தேன் ஏந்தி வருவது எல்லாம் அவன் வேலை. "நீங்க எதுக்குய்யா எந்திரிக்கணும், நான் இல்லையா?" என்பான். அந்தத் தேன் எங்கிருந்து வருகிறது என்று கருமலை ஒரு நாளும் கேட்டதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்பு பெருத்தது. தண்ணீர் குடிக்கக் குனிந்தாலே மூச்சு வாங்கியது. காலில் தைத்த முள்ளைக் கூடத் தும்பிதான் எடுத்துவிட வேண்டியிருந்தது. தினமும் கொஞ்ச தூரமாவது நடக்கச் சொல்லி அவள் நச்சரித்தாள். காலையில் பனி, சளி பிடிக்கும் என்றார் அவர். மத்தியானம் வெயில் என்றார். மாலையில் கொசு. மழைக்காலத்தில் சேறு. பனியும் வெயிலும் கொசுவும் சேறும் இல்லாத ஒரு நாள் வந்தபோது அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. நல்லவேளையாகக் குணசீலன் இரண்டு தவளைகளை அழைத்துக்கொண்டு ஓடி வந்தான். யார் குரல் இனிமையானது என்று அவற்றுக்குள் தகராறாம். அந்த வழக்கு மூன்று நாள் நடந்தது.

மூன்றாவது கோடை வந்தது. இந்த முறை மழை பெய்யவில்லை. குளம் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியது. குகையைக் கூட்டிச் சுத்தம் செய்து வரலாம் என்று தும்பி மட்டும் மலைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

குகை வாசலில் குணசீலனின் மனைவி உட்கார்ந்து வால் கோதிக்கொண்டிருந்தாளாம். உள்ளே தேனடைகள் பாதி காலியாம். பதறிப்போய்க் கேட்டதற்கு, மூன்று கோடை தொடர்ந்து கால் வைக்காதவருக்குக் குகை சொந்தமில்லை என்பது காட்டுச் சட்டம், கோடைக் கணக்கு சித்திரைப் பௌர்ணமியோடு முடிகிறது, அதற்குள் நாட்டாமையே நேரில் வந்தால் நாங்கள் காலி செய்கிறோம் என்று மரியாதையாகப் பதில் சொன்னாளாம். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் போன வருஷம் கருமலை ஒரு முள்ளம்பன்றியை வளையிலிருந்து வெளியேற்றியிருந்தார். எனவே மறுத்துப் பேசவோ குணசீலனைத் துரத்தவோ வழியில்லை.

பௌர்ணமிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

நாளைக்கே மலை ஏறிவிடுகிறேன் என்று கருமலை உறுமினார். காலையில் புறப்பட்டு நாற்பது அடி வைத்தார். மலைக்குப் போகும் வழியில் இருந்த முதல் நாவல் மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார். மரத்தின் மேல் இருந்த குரங்குகள் கொல்லென்று சிரித்தன. ஒரு குரங்கு வயிற்றை உப்பிக்கொண்டு, தஸ் புஸ் என்று மூச்சுவிட்டு, அவரைப் போலவே கிளையில் நடந்து காட்டியது. கருமலை எதையோ மறந்து வைத்துவிட்டவர் போல நெற்றியைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

குகை போனால் போகட்டும், எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அன்று மாலை முணுமுணுத்தார். தும்பி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நெசமாவே வேலைதான் காரணமாங்க?"

கருமலை நகத்தால் தரையைக் கீறினார். "போன வருஷமும் ஒரு நாள் நடக்கக் கெளம்புனேன், தும்பி. இதே குரங்குங்க இதே மாதிரி சிரிச்சுது. உன்கிட்ட சொல்லல. பனியும் இல்ல, கொசுவும் இல்ல. வெக்கமா இருக்கு."

தும்பி சிரிக்கவில்லை. "சிரிக்கட்டும். எத்தன நாளைக்குச் சிரிக்கும்னு பாத்துருவோம். நானும் கூட வரேன்" என்றாள்.

மறுநாள் இருவரும் நடந்தார்கள். இரண்டாவது நாவல் மரம் வரைக்கும்தான். குரங்குகள் கூட்டமாக வந்து சிரித்தன. அதற்கு மறுநாள் மூன்றே குரங்குகள் வந்தன. ஐந்தாம் நாள் கருமலை மேலே நிமிர்ந்து பார்த்தார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் அவரைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு லேசாக ஏமாற்றமாகக் கூட இருந்தது.

நாட்டாமை மலையடிவாரம் வரை போய்த் திரும்புவதைக் கண்டதும் குணசீலன் தினமும் விடியும் முன்பே வழக்குகளைத் திரட்டத் தொடங்கினான். ஒரு நாள் ஒரே பொந்துக்கு உரிமை கோரிய இரண்டு நண்டுகளைக் கொண்டு வந்து நிறுத்தினான். ஐயா உட்கார்ந்து பொறுமையாக விசாரிக்க வேண்டிய வழக்கு என்றான்.

"விசாரிச்சிரலாம். நடந்துக்கிட்டே சொல்லச் சொல்லு" என்றார் கருமலை.

வாதி நண்டு பக்கவாட்டில் நடந்து கிழக்கே போனது. பிரதிவாதி நண்டு மேற்கே போனது. பத்து அடிக்குள் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது. அடுத்து வந்த காட்டுப்பன்றிகள் பாதி மேட்டில் மூச்சு வாங்கி, நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று இறங்கிப் போய்விட்டன. இந்தச் செய்தி காட்டில் பரவியதும் வழக்கு போடுகிறவர்கள் எண்ணிக்கையே குறைந்துவிட்டது.

பௌர்ணமி அன்று காலையில் கருமலை மலை ஏறத் தொடங்கினார். முன்னைப் போல ஒரே மூச்சில் அல்ல. எட்டு இடத்தில் நின்றார். இரண்டு இடத்தில் தும்பி பின்னாலிருந்து தள்ளினாள். ஓர் இடத்தில் கால் சறுக்கி, இனி முடியாது என்று பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மூச்சு சீரானதும் தானாகவே அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

அவரைத் தடுத்து நிறுத்தக் குணசீலன் குறுக்கு வழியில் ஓடினான். ஆனால் மனைவி மலையிலிருந்து இறக்கித் தரும் குகைத் தேனை மூன்று வருஷம் நக்கிப் பழகிய உடம்பு அவனுடையது. பாதி மலையில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு புதரடியில் படுத்துவிட்டான். ஐயா, ஒரு அவசர வழக்கு என்று கத்த வாயெடுத்தான். சத்தம் வரவில்லை.

உச்சி வெயில் நேரத்தில் கருமலை குகைக்குள் கால் வைத்தார். நேராக ஊற்றுக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார். குனிந்துதான் குடித்தார். மூச்சு வாங்கியது, ஆனால் குடித்து முடித்துவிட்டுத்தான் வாங்கியது. நரியின் மனைவி சொன்ன சொல் தவறாமல் காலி செய்தாள். கீழே இறங்கும் வழியில் கணவனைப் புதரிலிருந்து இழுத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் கருமலைக்குத் தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. அன்று முழுக்க எழுந்திருக்கவே முடியவில்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில், மலை உச்சி அல்லவா, வெளியே நல்ல பனி. அவராகவே எழுந்து, நொண்டியபடி, குகையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

உடம்பை அசைக்காமல் இருக்க நாம் சொல்லும் காரணங்களில் பாதி அடுத்தவர் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் பிறந்தவை. எழுந்து நடக்கத் தொடங்கியவரை அவை வெகுதூரம் துரத்துவதில்லை.