பேச்சை விட்ட காசுப்பானை

இதை எங்கே ஆரம்பித்தாலும் ஏதாவது ஒன்று முன்னுக்குப் பின்னாகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. மாட்டுக்கு முதலில் பேச்சு வந்ததா, பானைக்கு வந்ததா என்று யாராவது குறுக்கே கேட்டால் பதில் கிடையாது. தப்பானாலும் ஆகட்டும், நடந்தது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமில்லை, அடுப்பும் அம்மியும்கூடப் பேசும். ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் மனிதர்களை விசாரித்தால் மட்டும் போதாது. "அடுப்பே சௌக்கியமா, அம்மியே சௌக்கியமா" என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். கேட்டால் அதுவும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை.

குருவம்மாள் தனியாக இருந்தாள். ஒரே மகள் செவத்தியை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். வளையல் போட்டு அழைத்து வராவிட்டால், அந்தப் பெண் மாமியார் வீட்டு மூலையில், அம்மா முகம் பார்க்காமல் வலியெடுத்துக் கிடப்பாள். அதற்காகவே குருவம்மாள் கூலியில் மிஞ்சியதை அகலவாய்ப் பானை ஒன்றில் போட்டு வந்தாள். வேலை முடிந்து வந்தால் அவள் பேச்சுக் கொடுப்பதும் அந்தப் பானையிடம்தான்.

கொழுந்தன் ஒச்சப்பன் வந்தான். "பானையே, சௌக்கியமா?"

"எனக்கென்ன குறை! கழுத்து வரைக்கும் வந்தாச்சு" என்றது பானை பெருமையாக.

"கேட்டீங்களா மதினி? கழுத்து வரைக்குமாம்! எனக்குக் கலப்பை ஒடிஞ்சு கிடக்கு."

இருக்கிறது என்று தெரிந்தபின், சொந்தக்காரனிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பானை காலியானது. மறுபடி சேர்த்தாள். அவன் பெண்டாட்டிக்கு மூக்குத்தி வாங்க வேண்டியிருந்தது. மறுபடியும் காலி.

மூன்றாம் முறை பானையைத் தவிட்டு மூட்டைக்குள் புதைத்தாள். அதற்கு அந்த இருட்டு தாங்கவில்லை. ஒச்சப்பன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே, "நான் இங்கே இருக்கேன்! என்னை விசாரிக்க மறந்துடாதீங்க!" என்று கூவியது. அந்தக் காசும் போனது.

செவத்திக்கு அப்போது ஏழு மாதம். "உன் வாயால என் புள்ள அங்கேயே கிடக்கப் போறா" என்று குருவம்மாள் அழுதாள்.

பானை குரலைத் தாழ்த்தியது. "கேட்டா சொல்லாம இருக்க எனக்குத் தெரியலையே. வாயை அடைச்சுடு. ஆனா மூட்டைக்குள்ள மட்டும் போடாதே. நாலு பேர் பார்க்கிற இடத்துல, லட்சணமா வை."

"அப்புறம் நான் யார்கிட்ட பேசுவேன்?"

கேட்டுக்கொண்டே குருவம்மாள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

மண்பாண்டம் செய்யும் காமாயியிடம் எடுத்துப் போனாள். "இதை இடிச்சுப் புது மண்ணோட பிசையணும்க்கா. உருவம் என்ன வேணும்?"

"பேசாத பிராணி எதுவோ அது."

"இந்த ஊர்ல அப்படி எது இருக்கு?" காமாயி யோசித்தாள். "பன்னி. சாப்பிடும்போது அது பேசாது. எந்நேரமும் சாப்பிட்டுக்கிட்டேதானே இருக்கு!"

உலக்கையைக் குருவம்மாளே வாங்கிக்கொண்டாள். "கூடத்துலதானே?" என்று கேட்டது பானை. "கூடத்துலதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு இடித்தாள்.

கொழுத்த பன்றி ஒன்று சூளையிலிருந்து வந்தது. சிவப்பு மினுமினுப்பு, காதில் வெள்ளைப் புள்ளி, முதுகில் காசு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு கீறல். கூடத்து மாடத்தில் வைத்தாள்.

ஒச்சப்பன் மூன்று தரம் விசாரித்தான். சத்தமே இல்லை. "என்ன மதினி, இதுக்குக் காது கேக்காதா?"

"அது சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, கொழுந்தனாரே."

"ஆனா என்ன அழகு!" என்று அவன் தடவிப் பார்த்தான். கீறல் கண்ணில் பட்டதும் கை சும்மா இருக்கவில்லை. மடியிலிருந்து ஒரு காசை எடுத்து உள்ளே போட்டு, விழுந்த சத்தத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

ஒன்பதாம் மாதம், காசு நிறைந்ததும், குருவம்மாள் அதைத் தரையில் போட்டு உடைத்தாள். அது ஒரே ஒரு சத்தம் போட்டது. என்ன சொன்னது என்று அவளுக்கு விளங்கவில்லை. மகளை அழைக்கப் படகேறும் முன், மாடம் வெறுமையாகத் தெரியாதபடி, காமாயி செய்து வைத்திருந்த இன்னொரு பன்றியை வாங்கி அங்கே வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

அன்று முதல்தான் உண்டியல் பேச்சை விட்டு, முதுகில் ஒரு கீறலோடு, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் உட்கார ஆரம்பித்தது. இன்று கண்ணாடி அலமாரியில் ஆந்தையாகவும் காராகவும் தங்க நிறப் பூனையாகவும் பளபளக்கும்போது, வருகிறவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.