தட்டில் வைத்தது

"இதையும் விட்டால் போதுமா, அம்மா?"

கேட்டபடியே சிற்றம்பலம் தன் திருநீற்றுப் பையைப் பித்தளைத் தட்டில் வைத்தார்.

அந்த மடத்தில் தீட்சைக்கு முன்பு ஒரு வழக்கம். எது இல்லாமல் வாழ முடியாது என்று நினைக்கிறார்களோ, அதைச் சீடர்கள் குருவின் முன்னால் தட்டில் வைத்துவிட வேண்டும். ஒருவர் பொடி டப்பாவை வைத்திருந்தார். இன்னொருவர் ஜாதக நோட்டை.

குரு ஏகம்மை சிற்றம்பலத்தைவிட இருபது வயது இளையவர்.

"திருநீறு இல்லாமல் இருக்க முடியாதா, ஐயா?"

"உள்ளே திருநீறு இல்லை."

ஏகம்மை பையை அவிழ்த்தார். மாத்திரை அட்டைகள்.

மனநல டாக்டர் கொடுத்தவை. சிற்றம்பலம் எட்டு வருடமாக, மடத்தில் யாருக்கும் தெரியாமல் போட்டுவந்தார். பக்கத்துப் பாயில் படுக்கும் வல்லிநாயகம் ஒருநாள், குருவிடம் வந்த பிறகும் டாக்டரை நம்புகிறவனுக்குத் தீட்சை எதற்கு என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அன்றோடு சிற்றம்பலம் நிறுத்திவிட்டார்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"ஒன்பது."

"தூக்கம்?"

"நாலு நாளா இல்லை." குரல் தாழ்ந்தது. "குழாயைத் திறந்தா, தண்ணிக்குள்ளேருந்து யாரோ என் பேரைச் சொல்றாங்க, அம்மா."

முன்பு ஒருமுறை அந்தக் குரலின் பின்னாலேயே போய்த் தண்டவாளத்தில் நின்றிருக்கிறார். மகன்தான் இழுத்து வந்தான். அதை அவர் சொல்லவில்லை. எழுந்து போ என்று அம்மா சொல்லிவிடுவாரோ என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்லிநாயகம் எட்டிப் பார்த்தார்.

"பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரைம்மா இது. எங்க தெருவுல ஒருத்தன் இதைத்தான் தின்னுக்கிட்டிருந்தான்."

"இப்ப எப்படி இருக்கார்?"

வல்லிநாயகம் யோசித்தார். "கடை வச்சிருக்கான்."

"வியாபாரம்?"

"நல்லாத்தான் போகுது."

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக்கிக்கொண்டார்.

ஏகம்மை அட்டைகளை எடுத்துச் சிற்றம்பலத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

வெறும் பையைத் தட்டில் போட்டார்.

சிற்றம்பலத்துக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எல்லோரும் பார்க்க, மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப தீட்சை, அம்மா?"

"காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுப்பாங்க. நானும் வர்றேன். டாக்டரைப் பார்த்துட்டு வந்து வாங்கிக்கலாம்."

தட்டு அடுத்தவரிடம் நகர்ந்தது.

வரிசையின் தொடக்கத்திலிருந்து சமையற்கட்டுச் செல்லக்கனி எழுந்து வந்தார். தட்டின் ஓரத்தில் தான் வைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, காகிதத்தை நான்காக மடித்துத் தட்டில் வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.