முடியாத மெய்க்கீர்த்தி

ஒரு காலத்திலே, மிளகு விளையும் கடற்கரை நாடொன்றை வீரகேளன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் புகழ்ச்சி என்றால் போதும், சாப்பாட்டையே மறந்துவிடுவார்!

அந்த நாட்டில் கப்பலேறி வந்து குடியேறிய யூதர்கள் கொஞ்சப் பேர் மிளகு வியாபாரம் செய்தார்கள். பாவம், பிரார்த்தனை செய்ய ஒரு கூரை கிடையாது. மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே கும்பிட்டார்கள். அவர்களில் சிம்ஹா என்ற அம்மாள் துணிந்து சபைக்கு வந்து ஒரு துண்டு நிலம் கேட்டாள்.

ராஜா அவளிடம் சிரித்துப் பேசியது ஆஸ்தானப் புலவர் தாண்டவனாருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, இவர்கள் சாமிக்குச் சிலை இல்லை, படம் இல்லை. எப்படி இருப்பார் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டார்கள். இன்னாரென்று தெரியாதவருக்கு நிலமா?"

"அதுவும் சரிதான். அம்மா, உங்கள் கடவுளை ஒன்று விடாமல் வர்ணித்துச் சொல்லுங்கள். சொன்னால் நிலம். இல்லையென்றால் கிடையாது" என்றார் ராஜா.

சிம்ஹா யோசித்தாள். "உங்கள் சபை வழக்கம் எனக்குத் தெரியாது, மகாராஜா. முதலில் புலவர் உங்களை ஒன்று விடாமல் வர்ணிக்கட்டும். அதைப் பார்த்து நானும் சொல்கிறேன்."

கரும்பு தின்னக் கூலியா! புலவர் வீரத்தில் ஆரம்பித்து மீசை வரைக்கும் பாடிவிட்டு, "முற்றும்" என்றார்.

ராஜாவின் முகம் தொங்கிப்போனது. "என் வீணை வாசிப்பு?"

"ஐயையோ!" என்று புலவர் அதையும் பாடி நிறுத்தினார்.

"அவ்வளவுதானா நான்?"

மத்தியானம் போனது. சோறு ஆறியது. புலவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எங்கே நிறுத்தினாலும் குற்றமாகிறதே, மகாராஜா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிம்ஹா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பசித்தால் சாப்பிடுகிற ராஜாவையே சொல்லி முடிக்க முடியவில்லை. எங்கள் கடவுளை நான் எந்த இடத்தில் நிறுத்துவேன்? நிறுத்திய இடத்தோடு அவர் முடிந்துவிட்டதாக ஆகிவிடாதா? அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறோம்."

"அப்படியானால் பிரார்த்தனையில் என்னதான் சொல்வீர்கள்?" என்று கேட்டார் ராஜா.

"அவர் செய்ததைச் சொல்வோம். புயலில் கரைசேர்த்தார், பசியில் சோறு போட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. செய்தது தெரியும்."

ராஜாவுக்கு ஆசை விடவில்லை. "என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்?"

"'நனைந்தவர்களுக்கு இடம் கொடுத்த ராஜா' என்று பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்ல ஆசைதான். நீங்கள் இன்னும் கொடுக்கவில்லையே!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அரண்மனை மதிலை ஒட்டியே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா! புலவரே, இதைக் கல்லில் வெட்ட என் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தி ஒன்று எழுதும்."

புலவர் வெட்கத்தோடு எழுத்தாணியை எடுத்தார். வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினார்: "கேட்டார்கள், கொடுத்தார்."

ராஜா அதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு இறங்கி வந்து புலவரைக் கட்டிக்கொண்டார்.